பாசிக்குப் பட்டினி

ஜூடித்தின் மூக்கு கொரோனாவோடு போனது, திரும்பி வரவில்லை. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, நாக்கில் ருசிகூட அரைகுறையாக வந்து சேர்ந்தது. வாசனை மட்டும் போனது போனதுதான். நாலு வருஷமாக அவளுக்கு மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுச் சாணமும் ஒன்றுதான். அதை அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மைசூரில் டவுன் பஸ்ஸில் போய்வருகிறவளுக்கு மூக்கு இல்லாதது ஒரு வசதி என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஆறு மாதம் அழவேண்டி வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. வயது முப்பது. ஆறு வருஷமாகப் பாசியோடு குடித்தனம் நடத்துகிறாள். அம்மா ரிட்டயரான நர்ஸ். சர்ச்சில் யாராவது, "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "லேப்ல இருக்கா" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் அடுத்த ஞாயிறு தங்கள் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு ஜூடித்திடம் வருவார்கள். ஆரம்பத்தில் அவள் பாசியைப் பற்றி விளக்கிப் பார்த்தாள். பிறகு ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து, இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பக் கற்றுக்கொண்டாள்.

பாசி என்றால் குளத்துப் படியில் காலை வாரிவிடுகிற பாசி இல்லை. ஒரே ஒரு செல், முன்பக்கம் இரண்டு வால், நீந்தித் திரிகிற ஒரு பச்சைப் பொட்டு. கிளாமிடோமோனாஸ் என்று பெயர். அதில் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் எது எது என்று சொல்ல முடியாது. சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் இரண்டும் கல்யாணப் பேச்சே எடுக்காது. தன்னைத்தானே பிளந்து பெருகிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். நீரில் நைட்ரஜன் தீர்ந்து பட்டினி வந்தால்தான் மாற்றம் தொடங்கும். ப்ளஸ் தனக்கென்று சில மரபணுக்களை இயக்கும். மைனஸ் தனக்கென்று வேறு சிலவற்றை. ஆளுக்கொரு புரதத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். தனியாக இருக்கும்வரை இரண்டு புரதமும் சும்மாதான் கிடக்கும். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இல்லையா, நம்மிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று, அப்படித்தான். இரண்டு செல்லும் கலந்து ஒன்றாகும்போது அந்த இரண்டு புரதமும் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போகும். அதுவரை யாராலும் திறக்க முடியாத மரபணுக்கள் திறக்கும். புது உயிரின் கதை அங்கே ஆரம்பிக்கும்.

ஜூடித் ப்ளஸ்ஸின் புரதத்தில் பச்சையாக ஒளிர்கிற ஒரு வாலை ஒட்டியிருந்தாள். தனித்திருக்கும் செல்லில் அந்தப் பச்சை எங்கும் பரவிக் கிடக்கும். கூடிய பிறகு, அது திரண்டு ஒரே புள்ளியாக உட்கருவுக்குள் ஒடுங்க வேண்டும். அதை நிமிஷத்துக்கு நிமிஷம் படம் பிடித்தால் அவளுடைய தீசிஸின் கடைசி அத்தியாயம் முடிந்தது. படம் இல்லையென்றால் தீசிஸும் இல்லை. கைடும் துறைத் தலைவருமான திருநாராயணன் சார் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கெடு ஜூலை முப்பத்தொன்று. ஏற்கெனவே ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது.

டிசம்பரில் வெறும் ஒத்திகையாகச் செய்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜனவரியிலிருந்து பாசி முறுக்கிக்கொண்டது. நைட்ரஜன் இல்லாத நீரில் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்து, மறுநாள் ப்ளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாக ஊற்றினால், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நீந்திக்கொண்டிருந்தன. ஜூடித் உப்புகளை மாற்றினாள். காய்ச்சி வடித்த தண்ணீரை வேறு துறையிலிருந்து கேன் கேனாகச் சுமந்து வந்தாள். விளக்குகளை மாற்றினாள். பாசியையே வேறு இடத்திலிருந்து புதிதாக வரவழைத்தாள். பிப்ரவரி போயிற்று, மே போயிற்று. ஜூனில் ஒருநாள் பாசி வளர்க்கிற கல்ச்சர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, குடுவைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டவள் ஒருத்தி உண்டு. அவள் மாதம்மா. துறையைக் கூட்டித் துடைக்கிற காண்ட்ராக்ட் ஆள். ஐம்பதை ஒட்டிய வயது, தமிழ்நாட்டை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். மற்ற எல்லோரோடும் கன்னடம்தான். ஜூடித் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து அவளிடம் மட்டும் ஊர்ப் பேச்சு வழிந்தோடும். ஜனவரியில் ஒருநாள், ப்ளஸ் இருந்த சிவப்பு டேப் குடுவையும் மைனஸ் இருந்த நீல டேப் குடுவையும் எதற்கு என்று மாதம்மா கேட்டாள். ஜூடித் நல்ல மனநிலையில் இருந்தாள். சிவப்பு பெண், நீலம் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் இரண்டுக்கும் கல்யாணம் என்று சொன்னாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மாதம்மா கேட்பாள்: "கல்யாணம் ஆயிருச்சுங்களா அம்மிணி?"

இல்லை என்று சொல்ல ஜூடித்துக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்விக்காக அவள் காத்திருந்தாள் என்பதுதான் உண்மை. ஆறு வருஷத்தில் அவளுடைய கல்யாணத்தைப் பற்றி ஊரே விசாரித்திருக்கிறது. அவளுடைய பாசியின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தது மாதம்மா ஒருத்திதான்.

ஜூலை நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. பக்கத்து லேப் லெஸ்லி ஒரு டியூப் ஸ்டாண்டு கடன் கேட்டு வந்தான். கல்ச்சர் அறைக்குள் ஜூடித்தையும் கூட்ட வருகிற மாதம்மாவையும் தவிர வேறு யாரும் போவதில்லை. அவள் கையில் வேலை இருந்ததால், நீயே எடுத்துக்கொள் என்று அனுப்பினாள். போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன ஜூடித், உள்ள மாடு கீடு வளக்கறியா? இந்த நாத்தத்துல எப்படித்தான் உக்காந்திருக்கியோ."

ஜூடித் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவனை மறுபடி உள்ளே தள்ளி, எங்கிருந்து வருகிறது பார் என்றாள். மூக்கு இருந்த லெஸ்லி முன்னால் போக, மூக்கு இல்லாத ஜூடித் பின்னால் போனாள். கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், தரையில், ஒரு எவர்சில்வர் கிண்ணம். பாதிக்கு மேல் மஞ்சள் நீர். அதில் மாவிலை ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

கோமியம். நாள்பட்ட கோமியம் அம்மோனியாவை விடும். அம்மோனியா என்றால் நைட்ரஜன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது; ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும். குடுவைகளின் வாயில் இருப்பது வெறும் பஞ்சு, காற்று போகட்டும் என்று வைத்தது. கணக்குப் போட ஜூடித்துக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டினி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஆறு மாதமும் அவளுடைய பாசி சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வராந்தாவுக்கு நடந்த நடையில் லெஸ்லி ஒதுங்கி வழிவிட்டான். மாதம்மா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். கன்னடக்காரர்களுக்கு விசேஷமான ஆஷாட மாத வெள்ளி என்று விடியுமுன்பே சாமுண்டி மலை ஏறி இறங்கி வந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஒளித்து வைத்த பரிசைக் கண்டுபிடித்துவிட்டாளே என்கிற வெட்கம் அதில் இருந்தது. ஜூடித் வாயில் வைத்திருந்த சொற்களெல்லாம் அந்த முகத்தில் போய் மோதி நின்றன. இது எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

"கல்யாண ஊடு சுத்தமா இருக்கோணுமல்லங்க. வெள்ளனே எந்திரிச்சு அக்ரஹாரத்துக்குப் போயிருவனுங்க. அங்க ஒரு ஊட்ல நாட்டு மாடு கட்டியிருக்கறாங்க. அது மனசு வெக்கிற வரைக்கும் கிண்ணத்தப் புடிச்சுட்டு நிக்கோணும். ஒருநா அரை மணி, ஒருநா ஒரு மணி. அப்பறந்தான் பஸ்ஸுங்க."

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் வைத்தாளாம். கல்யாணம் தட்டிக்கொண்டே போகவும் செவ்வாயும் சேர்த்துக்கொண்டாளாம். ஜூனில் ஜூடித் அழுத அன்று, கிண்ணம் சின்னதாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, வீட்டிலிருந்து பெரிய கிண்ணமாகக் கொண்டுவந்து மாற்றினாளாம். பாசி மறுக்க மறுக்க வேண்டுதல் கூடியது. வேண்டுதல் கூடக் கூடப் பாசி மறுத்தது. இந்த வேடிக்கையை வேறு யாருக்காவது நடந்ததாகக் கேட்டிருந்தால் ஜூடித் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் கோபப்பட வேண்டும் என்றுதான் நின்றாள். கோபம் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை ஆறு மாதமாக இருட்டில் எழுந்து, முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, யார் வீட்டு மாட்டின் பின்னாலோ கிண்ணத்தோடு நின்றிருக்கிறாள். அவளுக்குக் கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றுக்காக. இதைவிடப் பெரிதாக யாரும் ஜூடித்துக்குச் செய்ததில்லை. அதே கிண்ணம்தான் அவளைக் கவிழ்த்ததும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. ஜூடித் கிண்ணத்தோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்து மாதம்மாவுக்குப் பாதி புரிந்தது. மீதியை ஜூடித் சொன்னாள். வயிறு நிறைந்திருந்தால் அவை ஜோடி சேராது, பட்டினி கிடந்தால்தான் பெண் பெண்ணாகும், மாப்பிள்ளை மாப்பிள்ளையாகும், கிண்ணத்துக் காற்றே அவற்றுக்குச் சாப்பாடு என்று.

மாதம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஆறு மாசமா நான் விருந்து போட்டுட்டு இருந்தனுங்களா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் தானே போய்ச் சொல்லி வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

ஜூடித் அவள் கையைப் பிடித்தாள். "எங்கயும் போக வேணாம் அக்கா. தப்பு உங்களுது இல்ல. கல்யாணம்னு சொன்னேன், பட்டினின்னு சொல்லல. உங்ககிட்ட நான் பாதிதான் சொன்னேன்."

"பட்டினின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நானே காவல் உக்காந்திருப்பனுங்களே அம்மிணி," என்றாள் மாதம்மா. "சாமிகிட்ட ஒண்ணு கேட்டா பட்டினி கெடந்துதானுங்க கேக்கோணும். அது எங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஊர்ச் சாமி மாதேஸ்வரனுக்காகத் திங்கள்தோறும் பச்சைத் தண்ணீரோடு இருக்கிறவள் அவள். ஆறு வருஷப் படிப்பில் ஜூடித் கற்றதை அவள் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டாள்.

அன்று மதியம் ஜூடித் திருநாராயணன் சாரிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். மேல்கோட்டை வழி மனிதர், குரலை உயர்த்துகிற பழக்கம் கிடையாது. மெதுவாகத்தான் வழி சொன்னார். தாமதம் மாணவியின் தவறால் இல்லை, துப்புரவுப் பணியாளின் தவறால் என்று எழுத்தில் கொடுத்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். காண்ட்ராக்ட் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போக வேண்டியிருக்கும். அந்தக் கடிதம் போனால் மாதம்மாவுக்கு வேலை இருக்காது என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று மாதம் என்பது அந்த நேரத்தில் ஜூடித்துக்குக் கடலில் கிடைத்த கட்டை. அவள் கை நீட்டவில்லை. அறை தன் பொறுப்பு, முழுதாகச் சொல்லாதது தன் தவறு, அப்படி எழுதினால் நீட்டிப்பு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்படியானால் வேண்டாம் என்றாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, இருபத்தேழு நாள் இருக்கிறது, இங்கே ஏன் நின்றுகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். கடிதத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. அதற்காக ஜூடித் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

பழைய குடுவைகள் எல்லாவற்றையும் கொட்டினார்கள். ஏசியை நிறுத்தி இரண்டு நாள் கதவைத் திறந்துபோட்டு மின்விசிறி வைத்தார்கள். மாதம்மா சுவர், அலமாரி, விளக்கு என்று ஒன்று விடாமல் வெந்நீரில் துடைத்தாள், பினாயில்கூடத் தொடவில்லை. பிறகு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் அதில் உட்கார்ந்தாள். ஒருநாள் திருநாராயணன் சார் மதியச் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் வைத்தபடி உள்ளே எட்டிப்பார்க்கப் போனார். அதிலிருந்த புளியோதரை உள்ளே போகக் கூடாது என்று கன்னடத்தில் தடுத்துவிட்டாள். துறைத் தலைவரையே நிறுத்தினாளே என்று லெஸ்லி நாலு லேபுக்கும் போய்ச் சொன்னான். சார் கேரியரை வராந்தாவில் வைத்துவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு வந்தார்.

ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை. தட்டில் காத்து வைத்திருந்ததிலிருந்து புதிதாகத் தேறி வளர்ந்த பாசியை ஜூடித் நைட்ரஜன் இல்லாத நீருக்கு மாற்றினாள். இன்றைக்கு இவற்றுக்கும் பட்டினி என்று மாதம்மாவிடம் சொன்னாள். தனக்கும்தான் என்றாள் மாதம்மா. அந்தத் திங்கள் ஜூடித்தும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வேண்டுதல் என்று இல்லை. திறக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய் காலை பத்து மணிக்குச் சிவப்பு டேப்பையும் நீல டேப்பையும் ஒன்றாக ஊற்றி, ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதல் நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு செல் வாலோடு வால் பின்னி நின்றன. பக்கத்தில் இன்னும் நாலு. ஐந்தே நிமிஷத்தில் கொத்துக் கொத்தாக, திருவிழாக் கூட்டம் மாதிரி, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுழன்றன. ஜோடி ஜோடியாகப் பிரிந்து, கலந்து, நாலு வாலோடு ஒரே உடம்பாக நீந்தத் தொடங்கின. ஜூடித் ஒளியை மாற்றினாள். அந்த ஒளியில் சிவப்பாகத் தெரிகிற செல்லுக்குள், புரதத்தின் பச்சை பரவிக் கிடந்தது. கேமரா நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்தது. பச்சை மெல்ல மெல்ல ஓரங்களிலிருந்து விலகியது. நடுவில் திரண்டது. கடைசியில் ஒரே புள்ளி.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து, வாங்க அக்கா என்றாள்.

மாதம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஒரு கண்ணை மூடச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நெடுநேரம் குனிந்து பார்த்தாள். இதில் பெண் எது, மாப்பிள்ளை எது என்று கேட்டாள். இனிமேல் அப்படி இல்லை, இரண்டும் ஒன்றுதான், அந்தப் பச்சைப் பொட்டு பெண் வீட்டிலிருந்து வந்தது, மாப்பிள்ளை வீட்டுத் துணை இல்லாமல் அது அங்கே போயிருக்காது என்றாள் ஜூடித். மாதம்மா நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"ஆயிருச்சுங்களா அம்மிணி?"

"ஆயிருச்சு அக்கா."

தீசிஸ் முப்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. அதில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. மாதம்மாவின் பெயரை ஜூடித் முதல் வரியிலேயே எழுதினாள். எழுதிப் படித்துப் பார்த்தபோது அது போதும் என்று தோன்றவில்லை. படிக்கத் தெரியாதவளுக்குக் காகிதத்தில் நன்றி சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள், முப்பத்தொன்றாம் தேதி, இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கூடிய செல்கள் கெட்டியான ஓடு போர்த்துக்கொண்டு, ஒரு வாரமாகத் தட்டில், இருட்டுப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சாப்பாடு போட்டால் ஓடு வெடித்து ஒவ்வொன்றிலிருந்தும் நாலு குஞ்சு வெளியே வரும். தீசிஸுக்கு அது தேவையில்லை. ஜூடித் மாதம்மாவைக் கூப்பிட்டாள். கையுறை மாட்டிவிட்டாள். நைட்ரஜன் கலந்த நீரைப் பிப்பெட் குழாயில் உறிஞ்சி அவள் கையில் கொடுத்தாள்.

மாதம்மா பயந்து பின்வாங்கினாள். "நானுங்களா? மறுக்காவும் கெடுத்துருவனுங்க."

"இப்ப சாப்பிடலாம் அக்கா," என்றாள் ஜூடித். "விரதம் முடிஞ்சது. நீங்கதான் போடணும்."

மாதம்மா பிப்பெட்டைத் தட்டின்மேல் நீட்டினாள். ஜூடித் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தாள், அழுத்தவில்லை. சொட்டுச் சொட்டாக நீர் தட்டில் விழுந்து பரவியது. கண்ணுக்குத் தெரியாத அத்தனை பேரையும் பார்த்து, பந்தியில் நின்று பரிமாறுகிறவள் குரலில் மாதம்மா சொன்னாள்:

"நல்லாச் சாப்புடுங்க கண்ணுங்களா."